வரைபடத்தில் இல்லாத ஒன்பது சுவர்

எஸ்டேட் லயத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பத்து வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொள்ளும். அப்படி ஒரு லயத்தில், நாலாம் லயத்தில்தான் மாரீஸ்வரன் பிறந்தான். அவன் அம்மா அழகுத்தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

அவனுக்குக் கம்பம்மெட்டில் ஒரு டிடிபி கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை, ஏலக்காய் லேபிள், இரங்கல் போஸ்டர் என்று ஓடும். இந்த மழைக்கு முன்னால் பஞ்சாயத்துப் புத்தகம் ஒன்று வந்தது. மண் சரியக்கூடிய இடங்களின் வரைபடம். அதில் இருக்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் வேறு இடத்தில் நாலு சென்ட் நிலம் தருவதாகப் பேச்சு.

“எங்க மாரீசுதான் படம் போடுதான்” என்று அழகுத்தாய் தேயிலைக் கொழுந்துக்காட்டில் ஒருத்தி விடாமல் சொல்லி வைத்தாள்.

படக் கோப்பு இருநூற்று நாற்பது எம்பி. அச்சகத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் அனுப்ப முடியாது.

“சின்னதாக்கி விடு மாரீசே,” என்றான் மலையாளியான கடை முதலாளி ரிஜின். “லென்ஸ் வெச்சு ஆரு நோக்கப் போறாங்க?”

கோடுகளைத் தனியே கறுப்பு வெள்ளையில் கூர்மையாக வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் பச்சையை மட்டும் குறைத்திருக்கலாம். அரை நாள் பிடிக்கும். மாரீஸ்வரன் போஸ்டருக்குச் செய்வதையே இதற்கும் செய்தான். படத்தின் கூர்மையை முந்நூறு டிபிஐயிலிருந்து எழுபத்திரண்டாக்கினான், நிறங்களைக் குறைத்தான், அதே பெயரில் சேமித்தான். எட்டு எம்பி. முழுப் படமும் திரையில் அடங்கும்படி வைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

அச்சடித்த புத்தகம் வியாழக்கிழமை காலையிலேயே நேராகப் பஞ்சாயத்துக்குப் போயிருந்தது; மத்தியானம் கடைக்கும் ஒரு கட்டு வந்தது. முதல் புத்தகத்தைப் பிரித்து நாலாம் லயத்தைத் தேடினான். தள்ளித் தள்ளிக் கட்டிய வீடெல்லாம் தனித்தனிக் கட்டமாக நின்றன. லயம் மட்டும் ஒரே நீளக் கட்டம். உள்ளே சுவர்களைக் காட்டிய ஒன்பது மயிரிழைக் கோடும் போயிருந்தது. பத்து வீடு ஒரு வீடாகியிருந்தது. பழைய கோப்பு அவனிடம் இல்லை, அதன் மேலேயே சேமித்துவிட்டான்.

பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் சாந்தம்மாளுக்குப் போன் போட்டான்.

“மேடம், நாலாம் லயம் தப்பா வந்துருச்சு. அது பத்து வீடு.”

“புஸ்தகத்தப் பாத்து லிஸ்ட் போட்டாச்சே. நாளைக்கு மீட்டிங். படத்துல தப்புன்னா, செஞ்ச ஆளு கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். வாயால சொன்னா எடுக்க மாட்டாங்க.”

ரிஜின் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

“எழுதிக்கோ மாரீசே. நான் தடுக்கல. பின்னே பஞ்சாயத்து வேலை எனக்குக் கிட்டாது. நீயும் நாளை முதல் இங்கே வர வேண்டா.”

மாரீஸ்வரன் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி மேசையில் வைத்தான். பேனாவையும் எடுத்தான். அப்போது அம்மாவின் போன் வந்தது.

“ஏலே, புஸ்தகம் வந்துருச்சாமே. நம்ம வீடு தெரியுதால?”

“தெரியுதும்மா.”

“பக்கத்து வீட்டு முருகேஸ்வரி கேக்கச் சொன்னா. அவ வீடு?”

“எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு.”

தாளைத் திரும்ப பிரிண்டரில் வைத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பஞ்சாயத்து மண்டபத்தில் பட்டியலை வாசித்தார்கள். நாலாம் லயம், ஒரு கட்டடம், நாலு சென்ட். அதை முதல் வாசல்காரன் கருத்தப்பாண்டி பெயரில் எழுதினார்கள். லயத்துக்காரர்கள் சத்தம் போட்டார்கள். எழுத்தில் ஏதாவது வந்திருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றாள் சாந்தம்மாள். மாரீஸ்வரன் ஒன்பது மணிக்கே கடையைத் திறந்திருந்தான்.