பெயரை மறைத்த விண்ணப்பங்கள்

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நிதி நடத்தினார்கள். சாயக்கழிவைக் குறைக்க நல்ல வழி சொல்கிறவர்களுக்கு உதவித்தொகை. தலைவர் முதலில் பார்த்துக் குறிப்பெழுதிய விண்ணப்பங்களைப் பதிந்து கமிட்டியிடம் கொடுப்பது வேல்விழியின் வேலை.

2006ஆம் வருடத்து விண்ணப்பம் ஒன்றைப் பதியும்போது அவளுக்குச் சுருக்கென்றது. உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடியும் சாயத்தொட்டிக்கே விடும் யோசனை. இதைப் படித்திருக்கிறோமே!

பீரோவைக் குடைந்து போன வருடத்து விண்ணப்பக் கட்டை எடுத்தாள். வரிக்கு வரி அதேதான். அனுப்பியவர் மங்கலத்துப் பட்டறையில் லேப் வேலை பார்க்கும் சீனியம்மாள். இந்த முறை அவர் பெயருக்கு மேல் ஒரு பேராசிரியரின் பெயரும் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டையும் தலைவர் கந்தவேல் மேஜையில் வைத்தாள். பழையதில் அவர் கையெழுத்தில் 'அனுபவம் போதாது.' புதியதில் அதே கையெழுத்தில் 'அருமை.'

கந்தவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நானே எழுதியிருக்கறனே அம்மிணி! இப்ப என்ன பண்றது?"

"பேரையும் காலேஜையும் மறைச்சுட்டுக் குடுத்துப் பார்க்கலாங்கய்யா."

"ஒட்டிருங்க. எல்லாத்துலயும்!"

இருபத்தாறு விண்ணப்பங்களிலும் பெயர், கல்லூரி, தலைவரின் குறிப்பு எல்லாவற்றின் மேலும் பழுப்புத்தாளை ஒட்டி, நம்பர் மட்டும் போட்டாள் வேல்விழி. கமிட்டி கூடிய அன்று உறுப்பினர் கருப்புசாமி ஒரு தாளைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாருன்னு தெரிஞ்சா மார்க் போட வசதிங்க."

"அது தெரியக்கூடாதுன்னுதானுங்க ஒட்டியிருக்கு," என்றார் கந்தவேல்.

அறையில் சிரிப்பு. பிறகு எல்லோரும் குனிந்து படித்தார்கள். இதுவரை முதல் பக்கத்தோடு நிறுத்துகிறவர்கள் கடைசிப் பக்கம் வரை போனார்கள், ஒருவரோடொருவர் வாதாடினார்கள். டீ ஆறிப்போனது.

மூன்று பேர் தேறினார்கள். வேல்விழி ஒட்டிய தாள்களைக் கிழிக்க, எல்லோரும் எழுந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்றாவது, சீனியம்மாளுடையது. இரண்டாவது, கோவையின் பெரிய கல்லூரி. முதலாவது?

"இளங்கோ, குன்னத்தூர்," என்று வாசித்தாள். "சாயப்பட்டறை ஃபிட்டருங்க."

"ஆருங்க அது?" என்றார் கருப்புசாமி. யாருக்கும் தெரியவில்லை.

"தெரியாட்டி என்னங்க, இவ்வளவு நேரம் அவரு எழுதுனதுக்குத்தான நீங்க சண்டை போட்டீங்க!" கந்தவேல் மேஜையைத் தட்டினார். "அம்மிணி, ஃபோனைப் போடுங்க!"

நம்பரை அழுத்தும்போது வேல்விழியின் விரல் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை இளங்கோவே எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம். அவள் செய்தியைச் சொன்னாள்.

"முதலிடமா? ஏனுங்க, விளையாடறீங்களா?"

"நிசமாத்தானுங்க!" அவள் கத்தியே சொன்னாள்.