எட்டு கோர் போதும்

எழுந்தான். பல் துலக்கினான். மோட்டாரைப் போட்டான், தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். பால் பொங்கும் முன்பே அடுப்பைத் தணித்தான். டீ போட்டான், குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். படுக்கையில் ஒரு பக்கம்தான் கசங்கியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் இழுத்து விட்டான். அக்கா கொட்டாவியோடு வந்து, டீ குடித்தாயா என்று கேட்டாள். ம் என்றான். மனைவி இறந்த பிறகு காலைகள் இப்படித்தான் விடிந்தன.

அக்காவும் மாமாவும் துணைக்கென்று வந்தவர்கள். துணை மெல்ல மெல்லக் காவலாகியிருந்தது. மாமா எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். எள் என்று யாரும் சொல்லாதபோதும் எண்ணெயாக நின்றார், அதுதான் தொல்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினார். பரணைச் சுத்தம் செய்தார். இப்போது அவர் கண் கூடத்து மூலையில் கிடந்த நீள மேஜையின் மேல் விழுந்திருந்தது.

அந்த மேஜைக்கு இரண்டு நாற்காலிகள். மேலே இருந்த பழைய கம்ப்யூட்டர் மனைவி நோயில் விழுவதற்கு முன்பே உயிரை விட்டிருந்தது. அவன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவன். கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் காட்டுவது அவன் பிழைப்பு. அவளுக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் ரத்தம் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவனையும் இழுத்து உட்கார வைப்பாள். அவன் எப்போதும் தோற்பான். மவுஸ் சரியில்லை என்பான். ஆடத் தெரியாதவனுக்கு மவுஸ் கோணலாம் என்பாள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. விளையாட்டுப் பைத்தியம் அவன் என்றும், பொறுத்துப் போனவள் அவள் என்றும் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அக்கா அதைத் திருத்தவில்லை. மேலே ஒன்றைச் சேர்த்தாள். "அவரைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா" என்று, அழுதுகொண்டிருந்த ஒரு சித்தியிடம் முதல் முறை சொன்னாள். சித்தியின் அழுகைக்கு அது ஒத்தடமாக இருந்தது. அடுத்து வந்தவரிடமும் சொன்னாள். பத்துப் பேரிடம் சொன்ன பிறகு அக்காவே அதை நம்பிவிட்டாள். மறுக்க அவனுக்குத் தெம்பில்லை. எது வந்தாலும் போகட்டும் என்று விட்டதுபோல இதையும் விட்டான்.

புதிய கம்ப்யூட்டருக்கு முதல் பொருளாக, மற்ற பாகங்களெல்லாம் வந்து உட்காரும் மதர்போர்டை அவள் வாங்கி வைத்திருந்தாள். பிரிக்காத பெட்டி மேஜைக்கடியில் இருந்தது. அதில் கம்ப்யூட்டரின் மூளையாக எந்த ப்ராசஸரைப் பொருத்துவது என்பதில்தான் சண்டை. பதினாறு கோர் உள்ளது வேண்டும் என்றான் அவன். கோர் கூடக்கூட வேலை செய்யக் கைகள் கூடும், படங்கள் சீக்கிரம் முடியும். எட்டு கோர் போதும், ஆனால் கேஷ் பெரிதாக இருக்கவேண்டும் என்றாள் அவள். அடிக்கடி தேவைப்படுவதை ப்ராசஸர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிற இடம் அது. ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடும். அவள் வாதம் சின்னது. "உன் படம் முடிய லேட்டானா நீ போய்த் தூங்குவே. ஆட்டத்துல லேட்டானா நான் செத்துடுவேன்." சண்டை முடியவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வந்தவனிடம் மாமா நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னார். நேற்றே கடைக்குப் போன் செய்துவிட்டாராம். ஆபீஸ் வேலைக்கென்றே ஒரு ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டுகூடத் தேவையில்லை, அடக்கமானது. எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று. போய் வாங்கி வந்தால் போதும். கூடவே ஒரு நாற்காலியையும் யாருக்காவது கொடுத்துவிடலாம், கூடம் பெரிதாகத் தெரியும் என்றார். காய்கறி வாங்கவேண்டும் என்று அக்காவும் அவர்களோடு கிளம்பினாள்.

கடை ஒடுக்கமானது. சுவர் முழுக்கப் பெட்டிகள், தரையில் வயர்ச் சுருள்கள், மேஜையில் வயிறு திறந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டர். கடைக்காரர் எடுத்து வைத்திருந்த பெட்டியை நீட்டினார். பிறகு அவனைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சார், இது உங்க வீட்டுக்கா? மேடம் எடுத்த போர்டுல இது உக்காராதே. இது வேற கம்பெனி."

மாமா அசரவில்லை. போர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். பெட்டி பிரிக்காமல் இருந்தால் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். பிரிக்கவே இல்லை, இன்று மாலையே கொண்டுவருகிறேன் என்றார் மாமா. இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். அவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

பல நாளாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்றில் சுருக்கென்றது.

"போர்டு எங்கயும் போகாது" என்றான்.

மாமா அவன் தோளில் கை வைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "யாருப்பா விளையாடப் போறா? துக்க வீட்டுல துப்பாக்கிச் சத்தம் கேட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேரையும் வரச் சொல்லுங்க மாமா. நாற்காலி ஒண்ணு காலியா இருக்கு. ஆடத் தெரிஞ்சா ஆடட்டும்."

கடைக்காரர் எதையோ தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்தார். தோளிலிருந்த கையை அவன் எடுத்துவிட்டான். மெதுவாகத்தான் எடுத்தான்.

"அந்த எட்டு கோர். பெரிய கேஷ் இருக்கே, அதைக் குடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்தார். பதினாறுக்காக அவன் இதே இடத்தில் அவளோடு மல்லுக்கட்டியதை அவர் மறக்கவில்லை. மேடம் ஞாபகமாகவா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஞாபகத்துக்கு போட்டோ இருக்கு. அவ சொன்னதுதான் சரி. அப்ப நான் ஒத்துக்கலை, அவ்வளவுதான்."

பேங்க் கார்டை நீட்டினான். கடைக்காரர் வாங்கித் தேய்த்தார். மாமா வாசல் பக்கம் திரும்பி, இனி உன் இஷ்டம் என்பதுபோல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவால் அப்படி விட முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவள் தம்பியைப் பார்த்துப் பேசவில்லை. கடைக்காரரைப் பார்த்து, ஒரு சாட்சியிடம் சொல்வதுபோல், போகிற நேரத்திலும் அவள் இவனை நினைத்துத்தான் கவலைப்பட்டாள் என்று ஆரம்பித்தாள். "அவரைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனா. பாத்துக்க வந்தவங்களுக்கு இதுதான் மரியாதை."

கடைக்காரர் தலை குனிந்தார். இந்த வாக்கியம் வந்ததும் எல்லோரும் தலை குனிவார்கள். அவனும் இதுவரை குனிந்திருக்கிறான். இன்று குனியவில்லை.

"அக்கா, நீ அப்ப அங்க இல்லை. ஊர்லேர்ந்து வந்துக்கிட்டிருந்தே. அறையில நான் மட்டும்தான் இருந்தேன்."

அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"பொறுமைசாலின்னு எல்லாருகிட்டயும் சொல்றியே, அவ பொறுமைசாலியே இல்லை. தோத்தா ஹெட்போனைத் தூக்கிப் போடுவா. என்னை ஒருநாளும் அவர்னு சொன்னதில்லை. நீ சொல்ற ஆளோட நான் குடித்தனம் பண்ணலை."

"அப்ப என்னதாண்டா சொன்னா?"

இத்தனை நாளில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. அவன் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். கட்டில் ஓரமாக அவன் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். அவள் புரண்டு படுக்கப் பார்த்ததை, முடியாமல் அவனை முறைத்ததைச் சொன்னான். அதன்பின் தூங்கினாள், எழவில்லை என்றான். இனி வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போவதாகவும், அக்காவும் இதையே சொன்னால் நல்லது என்றும் சொன்னான். பிறகு அவள் கடைசியாகச் சொன்னதை, அவள் சொன்ன அதே எரிச்சலோடு சொன்னான்.

"தள்ளி உக்காரு. என் போர்வை மேல உக்காந்திருக்கே."