தங்கச் சேணத்தின் வாரிசுகள்

என் கல்யாணம் நின்றுபோனது ஒரு சேணத்தால். அந்தச் சேணத்தை ஊரில் எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் எடை, முகப்பில் பதித்த பவளம், பின்மேட்டில் செதுக்கிய கழுகு எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம்.

கூட்டுப்பண்ணை அமைக்க அதிகாரிகள் வந்த வருஷம், ஊரின் பெரும் பணக்காரர் ஓரோஸ் தன் தங்கச் சேணத்தையும் மற்ற சொத்தையும் சிவப்பு மேட்டில் புதைத்துவிட்டு, மனைவியோடும் இரண்டு மகன்களோடும் கணவாய் தாண்டிச் சீனாவுக்கு ஓடிவிட்டார் என்பது கதை. சோவியத் காலம் முழுக்க அவர் பெயரைச் சொல்ல இங்கே ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. பணக்காரனுக்குச் சொந்தம் என்றால் சைபீரியாவுக்கு நாடுகடத்தல்தான்.

இந்தக் கோடையில் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து பேராசிரியர் தூலத் வந்து இறங்கினார். அவருடைய முகவரி அட்டையில் பட்டங்களுக்கே இடம் போதாமல், பெயர் பின்பக்கத்துக்குப் போயிருந்தது. தலையில் இருந்த வெள்ளைக் கல்பாக் தொப்பி, காருக்குள் உட்காரும்போது மடியில்தான் பயணம் செய்யும், அவ்வளவு உயரம். கூடவே கேமராக்காரர்கள், உலோகத்தைக் கண்டால் பீப் பீப் என்று கத்தும் ஒரு கருவியோடு வந்தார்கள். மேட்டில் கருவி கத்தியது. கூட்டுப்பண்ணையின் பழைய டிராக்டரைப் பிரித்துப் போட்ட இடம் அது, கத்தாமல் என்ன செய்யும்? "அறிவியல் பேசிவிட்டது" என்றார் பேராசிரியர்.

பிறகு ஊர் மண்டபத்தில் அறிவித்தார். ஓரோஸின் நேரடி வாரிசுகள் கேமரா முன்னால் தங்கள் ஏழு தலைமுறைத் தந்தையர் பெயரையும் சொல்லிப் பதிவு செய்யவேண்டும். புதையலில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேர் ஓரோஸின் பேரன்கள் ஆனார்கள். ஓரோஸ் தன் பிள்ளைகளைக் கையோடு கூட்டிப்போனவர் ஆயிற்றே, பேரன்களை மட்டும் எப்படி விட்டுப்போனார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் தாத்தாவும் பயந்துபோய்ப் பெயரை மாற்றிக்கொண்டாராம். அத்தனை தாத்தாக்களுக்கும் ஒரே பயம், ஒரே யோசனை.

என் அப்பா மம்பெத்தும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்னிலிருந்து எண்ணினால் அப்பா, தாத்தா, மூன்றாவதாக ஓரோஸ். மறுநாள் உலாரின் அப்பா ஏசெனும் போய்ச் சொன்னார். அவருக்கும் மூன்றாவது ஓரோஸ்தான்.

உலார் நான் கட்டிக்கொள்ள இருந்தவன். உருளைக்கிழங்கு அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேசி, அவன் அம்மா வந்து என் காதில் நிச்சயத் தோடும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஏழு தலைமுறைக்குள் ஒரே தந்தை வந்தால் எங்களுக்குள் கல்யாணம் கிடையாது. அது அண்ணன் தங்கச்சி உறவு. ஊர்ப் பெரியவர்கள் சபைத் தலைவர் தொக்தோசுன் தாடியை நீவிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தோட்டைக் கழட்டிக் குடுத்துரும்மா. ரெண்டு அப்பன்களும் கேமரா முன்னால சொல்லிட்டாங்க. இனிமே அவன் உனக்கு அண்ணன்."

"போன வாரம் நீங்கதானே பெரியப்பா எங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணீங்க?"

"போன வாரம் எனக்குத் தெரியாதே."

"எங்கப்பாவுக்கே போன வாரம் தெரியாது."

அப்பா தேநீர்க் கிண்ணத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் போனதும் நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சொன்னது பொய்னு போய்ச் சொல்லிட்டு வாங்கப்பா."

"ஏசெனைப் போய்ச் சொல்லச் சொல்லு. பொய் சொன்னது அவன்."

"நீங்க?"

"நான் மட்டும் எதுக்கு விட்டுக்குடுக்கணும்? தங்கம் வெளிய வந்தா அவனுக்கு, எனக்கு உருளைக்கிழங்கா?" பிறகு குரலை இறக்கி, "உனக்கு வேற பையனா கெடைக்க மாட்டான், மகளே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன். வேறு பையன் எங்கே கிடைப்பான்? ஊரிலிருக்கும் பையன்கள் எல்லாம் எனக்கு அண்ணன் தம்பி ஆகிவிட்டார்களே. மாப்பிள்ளை தேடக்கூடச் சீனாவுக்குத்தான் போகவேண்டும்.

உலாரிடம் போனேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தான்.

"எங்கப்பன்கிட்ட நாலு நாளா சண்டை போடறேன்," என்று அடியிலிருந்தே சொன்னான். "தங்கத்துல சேணம் செஞ்சா அந்தக் கனத்துல குதிரையே படுத்துரும், அதுமேல எவன் ஏறுவான்னு கேட்டேன். ஓரோஸோட குதிரை வேற மாதிரியாம்."

"இப்ப என்ன செய்ய?"

"தெரியல, தங்கச்சி."

ஒரு ஸ்பேனரை எடுத்து அவன் காலருகே எறிந்தேன். சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டான்.

தோண்டல் தொடங்கும் நாளில் வாரிசுகள் எல்லாருக்கும் விருந்து. இரண்டு ஆடு அறுத்தார்கள். எங்கள் பந்தியில் கறியைக் கண்டபடி அள்ளி வைப்பதில்லை. எந்த எலும்பு யாருக்கு என்பதற்கு வயதும் உறவும் பார்க்கவேண்டும். தலை பேராசிரியருக்குப் போய்விட்டது. அடுத்த மரியாதை இடுப்பெலும்புக்கு. அதை ஓரோஸின் மூத்த கிளைக்குத் தரவேண்டும். மூத்த கிளை எது?

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான்தான். "எங்கப்பாவுக்கு வைக்கட்டுமா, ஏசென் மாமாவுக்கு வைக்கட்டுமா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"எனக்கு வை," என்றார் அப்பா. "எங்கப்பாதான் மூத்த மகன்."

"யாருக்கு மூத்தவர்?" என்றார் ஏசென். கிமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலை நிறையக் குடித்துப் போதையில் இருந்தார். "உங்க தாத்தா ஓரோஸ் வீட்டு ஆடு மேய்ச்சவன். ஓரோஸ் ஓடின அன்னிக்கு அவர் அண்டாவைத் தலையில கவுத்துக்கிட்டு வந்தவன். இன்னிக்கும் உன் வீட்டுல அதுலதான் சோறு."

"அண்டாதானேடா எடுத்தான். உங்க தாத்தா கதவையே பேர்த்துக்கிட்டு வந்தான். உன் வீட்டு வாசக்கதவு யாருது, சொல்லு? அந்தச் செதுக்கு வேலை உன் பரம்பரைக்குத் தெரியுமா?"

"ஊரே எடுத்துச்சு."

"ஊரே எடுத்துச்சு. அதிகாரி வந்து சொத்து எங்கேன்னு கேட்டப்ப, புதைச்சுட்டு ஓடிட்டான்னு கைகாட்டினது உங்க தாத்தா. மேட்டைக் காட்டினவனும் அவன்தான்."

பந்தியில் மெல்லும் சத்தம் நின்றுபோனது. பேராசிரியர் ஆட்டுக் காதை அறுத்தபடி, "வாய்மொழி மரபில் இதுபோன்ற மாறுபாடுகள் சகஜம்," என்றார்.

நான் தட்டோடு அப்படியே நின்றேன். எண்பது வருஷமாக ஊர் காத்துவந்த ரகசியம் ஓர் இடுப்பெலும்புக்கு விலை போயிருந்தது. சொத்து பொய்யில்லை. புதைத்ததுதான் பொய்.

மறுநாள் காலையில் ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. நேற்றுப் பேசியது கிமிஸ். தோண்டல் தொடரும். அப்பாவும் ஏசெனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அண்ணன் தம்பியாக. இரண்டு திருடர்களின் பேரன்கள் திருட்டை மறைக்கத் திருடு கொடுத்தவனையே தாத்தா ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு நான் கல்யாணத்தைக் கொடுக்கவேண்டும்.

நேராகப் பேராசிரியரிடம் போனேன்.

"ஐயா, ஓரோஸோட சொத்து வெளிய வந்தா யாருக்கு?"

"முதலில் என் அருங்காட்சியகத்துக்கு. ஆய்வுக்குப் பிறகு வாரிசுகளுக்கு."

"ஆய்வு எப்ப முடியும்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆய்வு முடிவதில்லையம்மா."

"அப்ப மேட்டைத் தோண்ட வேணாம். எங்க வீட்டு அடுப்புல ஒரு அண்டா இருக்கு. ஏசென் மாமா வாசல்ல கதவு இருக்கு. தொக்தோசுன் பெரியப்பா இடுப்புல கட்டற வெள்ளி பெல்ட்டைக் கேளுங்க. மத்த வீடு நான் காட்டறேன்."

அவர் கண் பளபளத்தது. டிராக்டர் ஆணிகளைப் பொறுக்கி அலுத்துப்போயிருந்த மனிதர். மதியத்துக்குள் லாரியோடு கிளம்பிவிட்டார், கேமராவும் பின்னால். லாரியை ஓட்டியது உலார். தன் வீட்டு வாசலில்தான் முதலில் நிறுத்தினான்.

"வாரிசே," என்றார் பேராசிரியர் கேமராவுக்கு நேராக நின்றபடி, "உங்கள் பாட்டனாரின் கதவை நாட்டுக்கு அர்ப்பணியுங்கள்."

ஏசென் கதவுக்குக் குறுக்கே கையை விரித்தார். "இது எங்க தாத்தா சந்தையில வாங்கினது."

"எந்தத் தாத்தா? ஓரோஸா?"

"எந்த ஓரோஸ்? எங்களுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கொழுத்த பணக்காரன் ரத்தம் எங்க ஒடம்புல ஒரு சொட்டுக் கிடையாது, எழுதிக்குங்க."

"கேமரா ஓடுதுப்பா," என்றான் உலார், திருகாணியைக் கழற்றும் கருவியோடு. "நல்லா சத்தமா சொல்லு."

சொன்னார். எங்கள் வீட்டில் அப்பா அண்டாவுக்குள்ளேயே ஏறி உட்காராத குறை. ஓரோஸ் என்று ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம் என்றார். தொக்தோசுன் பெரியவர் பெல்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சபையே தவறாக வழிநடத்தப்பட்டுவிட்டது என்றார். பொழுது சாய்வதற்குள் ஊரில் யாரும் யாருக்கும் சொந்தமில்லை. பேராசிரியர் ஒரு துருப்பிடித்த ஏர்க்கொழுவோடு தலைநகர் திரும்பினார். வாரிசுகள் இல்லாததால் புதையல் முழுவதும் அறிவியலுக்கே என்று டிவியில் சொன்னாராம்.

இரண்டே நாளில் தொக்தோசுன் வந்துவிட்டார், தாடியை நீவிக்கொண்டு. நிச்சயத்தைத் திரும்பச் செய்யலாமாம். ஏசென் குடும்பம் ரொட்டியும் வெண்ணெயுமாக வந்து உட்கார்ந்தது. அப்பா ஏசெனைச் சம்பந்தி என்று கூப்பிட்டுத் தேநீர் ஊற்றினார். வெட்கம் இருவர் முகத்திலும் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்ட களை.

சடங்குப்படி இரண்டு வீட்டாரும் ஏழு தந்தையர் பெயரைச் சொல்லவேண்டும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். தன் பெயர், என் தாத்தா பெயர். பிறகு கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்து, நேராக நாலாவது பெயருக்குப் போனார்.

"மூணாவது?" என்றேன்.

"விடும்மா," என்றார் தொக்தோசுன். "நல்ல நேரத்துல."

"மூணாவது யாருன்னு சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன். அவரை அண்டாவுக்கும் மறைச்சீங்க, தங்கத்துக்கும் மறைச்சீங்க. எனக்கு ஒரு பூட்டன் இருந்தாரா இல்லையா?"

உலார் குனிந்து தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏசென் கூரையைப் பார்த்தார். அடுத்து அவர் முறை.

"கால்தார்," என்றார் அப்பா, கிண்ணத்துக்குள்.

"கேக்கலை."

அப்பாவின் கழுத்து சிவந்தது. என்னை அடிக்கத்தான் கை ஓங்குவார் என்று நினைத்தேன்.

"கால்தார்," என்று கத்தினார். "ஆடு மேய்ச்ச கால்தார். எங்க தாத்தா. போதுமா?"

"போதும்," என்றேன். ஏசென் பக்கம் திரும்பினேன். "சொல்லுங்க மாமா. மெதுவா, ஒண்ணையும் விடாம."