வேப்பமரம் வரைக்கும்

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் என் மகள் ரூத் சைக்கிளிலிருந்து விழுகிற வீடியோ ஒன்று இருக்கிறது. நான் ஸ்கூட்டரிலிருந்து விழுகிற வீடியோவும் இருக்கிறது. இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள்தான், இரண்டாம் மாடி சத்யநாராயணன் அங்கிள். ரிட்டயர் ஆன மனிதர். செம்பாக்கம் ஏரிக் காற்று வரும் பால்கனி, கையில் போன், வேறு வேலை கிடையாது.

மார்ச் மாதம் வண்டலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். ரூத் பிறந்தபோது நான் விட்ட வேலை அது. அதன் பிறகு ஊசி பிடித்த கை தோசைக் கரண்டி பிடித்தே காலம் போய்விட்டது. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். "டூவீலர் ஓட்டுவீங்கல்ல மேடம்?" என்று கேட்டார்கள். ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். ஜூனில்தானே சேர வேண்டும், அதற்குள் கற்றுக்கொண்டால் போயிற்று என்று எல்.எல்.ஆரும் வாங்கினேன்.

வண்டி வீட்டிலேயே இருந்தது. என் கணவர் ஜெரோம் ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய் ரயில் பிடிக்கிறவர். அவர் ஸ்கூட்டர் பார்க்கிங்கில் தூசி படிந்து கிடந்தது. அவர் எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி வேறு. தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர் என்று எதற்கும் எல்லோரும் "ஜெரோம் சார்" என்றுதான் வந்து நிற்பார்கள். அந்த 'சார்' அவருக்கு உயிர். எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பின்னால் உட்கார்ந்தவர், "கியர்கூட கிடையாது, இதுவே வரலன்னா என்ன பண்றது" என்று பாதியில் இறங்கிப் போய்விட்டார்.

அதே சமயத்தில்தான் ரூத் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தாள். பில்டிங்குக்குப் பின்னால் வீடு வராத மனைகளுக்கு நடுவே ஒரு சாலை உண்டு. அம்மாவும் பெண்ணும் தினமும் சாயங்காலம் அங்கேதான்.

நான் வண்டியைக் கிளப்புவதற்குள் லாரி வந்தால், நாய் குறுக்கே ஓடினால் என்று யோசித்து, மனசுக்குள்ளேயே ஜி.எஸ்.டி. ரோடு வரை போய் விழுந்துவிட்டு வந்திருப்பேன். ரூத்துக்கு அந்தச் சாலையில் ஒரு மரம்தான் கணக்கு. "அந்த வேப்பமரம் வரைக்கும் மம்மி" என்பாள். போவாள், மரத்துக்கு முன்னாலேயே விழுவாள், விழுந்ததற்குச் சிரிப்பாள், முட்டியில் எச்சில் தடவிக்கொண்டு மறுபடி ஏறுவாள்.

"காலை எப்படிடி மேல தூக்கி வெக்கிற?" என்று ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"விழுந்தா பாத்துக்கலாம்னு வெச்சிடுவேன்."

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டா எழுந்துக்கணும். இதுகூட தெரியாதா மம்மி?"

முப்பத்தெட்டு வயதில் எனக்கு அது தெரியாதுதான். அன்றைக்கு நானும் லாரியை மறந்துவிட்டு வேப்பமரத்தை மட்டும் பார்த்தேன். சில நாளில் கால் தரையில் தேயாமல் மரம் வரை போய் நின்றேன். ரூத் கைதட்டினாள். என் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தைத் தாண்டித் திருப்பத்தில் வளைத்தேன். யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல். சக்கரம் சறுக்கி நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். முழங்கை உரிந்துவிட்டது. "சூப்பர் மம்மி, எழுந்துக்கோ" என்று ரூத் சிரித்தாள். நானும் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது.

மாடி ஏறுவதற்குள் வீடியோ குரூப்புக்கு வந்துவிட்டது. 'பாதுகாப்பு கருதிப் பகிர்கிறேன்' என்று ஒரு வரி வேறு. ரூத் விழுந்தபோது இதே ஜனங்கள் இதயம் இதயமாகப் போட்டார்கள், சோ க்யூட், சாம்பியன் என்று எழுதினார்கள். எனக்கோ கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். 'குழந்தைகளைக் கீழே அனுப்பாதீர்கள், மேடம் வண்டி எடுத்திருக்கிறார்' என்று ஒருவர். 'செக்ரட்டரி சார், முதலில் ஸ்பீடு பிரேக்கர் போடுங்க' என்று இன்னொருவர்.

ஜெரோம் என் முழங்கையைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூத் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை பேர் பாத்துட்டாங்க தெரியுமா?" என்றார்.

"ரூத் விழுந்ததையும்தான் போட்டாங்க. நீங்களே ஹார்ட் போட்டீங்களே."

"அவ குழந்தை, விழலாம். நாளைக்கு மீட்டிங்ல அவங்க முன்னாடி நான் எப்படி உக்கார்றது?"

"விழாம யாருங்க கத்துக்கிட்டா?"

"இந்த வயசுல ஒண்ணும் கத்துக்க வேணாம். போதும் ஹில்டா, அசிங்கமா இருக்கு."

மறுநாளிலிருந்து அவர் ஸ்கூட்டரிலேயே தாம்பரம் போகிறார். வண்டி பகல் முழுக்க ஸ்டேஷன் ஸ்டாண்டில் வெயிலில் காய்ந்துவிட்டு வருகிறது. மே கடைசியில் லேபிலிருந்து கூப்பிட்டபோது வண்டி ஓட்டத் தெரியாது என்று சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்று வைத்துவிட்டார்கள். ஜெரோம் மேல் எனக்கு எரிச்சல்தான். ஆனால் சாவியை அவர் ஒன்றும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ரூத் இப்போது வேப்பமரத்தையெல்லாம் தாண்டி ஓட்டுகிறாள். நேற்று அதே திருப்பத்தில், அதே மணலில் சறுக்கினாள். நான் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தேன். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். முட்டியில் ரத்தம் வந்தது, அதை அவள் பார்க்கவே இல்லை. கீழே கிடந்தபடியே தலையைத் தூக்கி, எங்கள் பில்டிங் பால்கனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெயில் கண்ணில் அடிக்க, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மம்மி, யாராவது பாத்தாங்களா?"

இரண்டாம் மாடியில் அங்கிள் போனோடு நின்றிருந்தார். பார்த்தால் என்னடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யாரும் பாக்கல. சீக்கிரம் எழுந்து வா" என்றேன்.

அவள் மறுபடி ஏறவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி என் பின்னாலேயே வந்தாள்.