ஏழாவது கதையில் கொன்றது யார்

1

எழுதியவர் மண்ணுக்குள் போய் நாற்பது வருடம் ஆன பிறகு, அவர் கதையின் கொலைகாரனை ஒரு டீ ஆறுவதற்குள் பிடித்துக் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ஓர் அச்சகத்தில் முப்பத்து மூன்று வருடம் பிழை திருத்தினார். போன வருடம் ஓய்வு பெற்றார்.

(யாரு இந்த அவர்? நீங்கதானே?)

அடைப்புக்குறிக்குள் வருவது என் வீட்டுக்காரி. மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே கண் கூர்மையானவள். நான் எதை எழுதினாலும் முதலில் அவளிடம் போகும், பென்சில் குறிப்போடு திரும்பி வரும். அந்தக் குறிப்புகளை அழிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆமாம், அவர் நான்தான். 'நான்' என்று எழுதினால் பீற்றிக்கொள்வதாகத் தெரியும். 'அவர்' என்றால் வரலாறு.

இந்தக் கதை பிறந்த காரணம் இதுதான்: கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. சொட்டச் சொட்ட நனைந்து வந்து 'மழை' என்றாலும் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். தப்பு அவள்மேல் இல்லை. ஒரு சாண் பாம்பைப் பத்து முழமாக்கித்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஆனால் இது ஒன்று உண்மை. இதையாவது அவள் நம்பி நான் பார்த்துவிட வேண்டும். அதுவரை பேனாவை மூடப்போவதில்லை.

2

இடி இடித்த ஒரு பகலில், ஆயிரம் பேர் வேலை செய்த மாபெரும் அச்சகத்தில்

(பதினோரு பேர்.)

பதினோரு பேர் வேலை செய்த அச்சகத்தில், தமிழில் மொழிபெயர்த்த பன்னிரண்டு பழைய துப்பறியும் கதைகள் ஒரே தொகுப்பாக அச்சேறிக்கொண்டிருந்தன. இடியை விட்டுவிடுகிறேன்.

வாசகருக்கு ஒரு தொழில் ரகசியம். துப்பறியும் கதையைப் பிழை திருத்துபவர் நேராகப் படிக்கக்கூடாது. கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும், பிழைகள் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடும். அதனால் அவர் கடைசி வரியில் ஆரம்பித்து மேல்நோக்கிப் போவார். அவருடைய கொலைகாரர்கள் முதலில் தூக்கில் தொங்குவார்கள், பிறகு கைதாவார்கள், அதன்பிறகு நல்லவர்களாக வாசலில் நின்று வணக்கம் சொல்வார்கள்.

ஏழாவது கதையின் கையெழுத்துப் பிரதியில் கடைசித் தாளைக் காணவில்லை. அச்சுக் கோத்தவர் இருந்ததைக் கோத்து, கீழே 'முற்றும்' போட்டுவிட்டார். நம்மவர் 'முற்றும்' என்பதிலிருந்து தொடங்கினார். எழுத்து சரியாக இருந்தது. மேலே ஏறிவிட்டார்.

3

அந்த அச்சகத்தில் கதையை நேராகப் படித்த ஒரே ஆள் மெஷின்காரர்தான். அவருக்கு மீசை இருந்ததா என்று ஞாபகமில்லை, வைத்துவிடுகிறேன். மீசையைத் தடவியபடி வந்தார்.

"சார், மெஷினை நிறுத்திட்டேன்."

"ஏன், மை தீந்துபோச்சா?"

"ஏழாவது கதையில நீதிபதிக்குப் பால்ல விஷம் வச்சது யாரு?"

"எவனாவது வச்சிருப்பான்யா. உனக்கென்ன?"

"நாலு பேர் மேல சந்தேகம்னு துப்பறியிறவர் வாயைத் திறக்கிறாரு. அடுத்த வரி முற்றும். அவருக்கும் பால் குடுத்துட்டாங்களா?"

அன்று காலையில்தான் முதலாளி, "இன்னொரு தப்பு வந்தா நீங்க வீட்லயே உக்காந்து திருத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியூர் போயிருந்தார். மூலப் புத்தகம் கைவசம் இல்லை. மொழிபெயர்த்தவரும் உயிரோடு இல்லை. பக்கத்தின் அடியில் இருபத்திரண்டு வரிக்கு இடம் இருந்தது.

நம்மவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதையை மேலிருந்து கீழாகப் படித்தார். படித்து முடித்ததும் பேனாவை எடுத்தார். மெஷின்காரரின் டீ ஆறுவதற்குள் இருபத்திரண்டு வரி. ஒரு வரி கூடவில்லை, ஒரு வரி குறையவில்லை.

(மளிகை லிஸ்ட் எழுதவே உங்களுக்கு அரை நாள் ஆகுது.)

பெரிய டம்ளர் டீ.

(சரி, புத்தகம் எங்க? காட்டுங்க.)

4

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் ஓய்வு பெற்ற கையோடு அச்சகத்தையும் மூடிவிட்டார்கள். பிழை திருத்துபவருக்கு ஒரு பிரதி கொடுக்கிற வழக்கமும் அங்கே இல்லை. பதினோரு மாதம் தேடினேன். நூலகங்களில் ஏணி ஏறினேன். நாற்பத்தேழு பழைய புத்தகக் கடைகளில் தூசியைத் தின்றேன்.

(ஒன்பது கடை. தும்மல் மட்டும் நாற்பத்தேழு.)

கடைசியில் போன வாரம், பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில், கிழிந்த வாரப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது. நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லி, பதிலுக்கு அதைக் கேட்டு வாங்கி வந்தேன்.

(ஆடுன பல்லு. நான்தான் கூட்டிட்டுப் போனேன்.)

5

இனி முடிவு. மூன்று யோசித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது: ஏழாவது கதையைப் படித்துவிட்டு அவள் கண் கலங்குகிறாள்.

(மாட்டேன்.)

இரண்டாவது: "இதை யார் வேணா எழுதியிருக்கலாமே" என்று புத்தகத்தை மூடிவிட்டு, மாத்திரை டப்பாவில் தேதி பார்க்கப் போய்விடுகிறாள். இதுதான் நடக்கும் என்று என் உள்மனம் சொல்கிறது.

மூன்றாவது: அவள் மெதுவாக நிமிர்ந்து

வேண்டாம். அடுத்தவர் கதைக்கு ஒருமுறை முடிவு எழுதியாயிற்று, அதுவே போதும். ஏழாவது கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டேன். பென்சிலையும் சீவி வைத்திருக்கிறேன். கீழே இருக்கும் இடம் அவளுக்கு.

(படிச்சேன். ரெண்டு தடவை. "கழுவிய டம்ளரை நிமிர்த்தி வைப்பவன் வாழ்நாளில் வேறொரு பாத்திரம் கழுவியதில்லை. ஆகவே நிமிர்ந்து நிற்கும் இந்த விஷப் பால் டம்ளரைக் கழுவி வைத்தது சமையல்காரி அல்ல, நீதிபதியின் அண்ணன் மகன்" அப்படின்னு துப்பறியிறவர் சொல்றாரு. முதல் வரி நான் சொன்னது. கல்யாணமான புதுசுல, சமையலறையில நின்னு உங்களைத் திட்டுனது. அப்ப அங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் இல்ல. ஒரு வார்த்தை கேக்காம என் வாயை எடுத்து அந்த ஆளுக்குக் குடுத்திருக்கீங்க.

இடி பொய். மீசை பொய். டீ சுத்தப் பொய்.

இது நடந்திருக்குங்க.)