ஓடைக்குக் கொடுத்த துணி

வேங்கிக்கால் ஓடையில் ரொம்ப காலத்துக்குப் பிறகு தண்ணீர் தெளிந்து ஓடிய அன்று, இரண்டாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தென்றல் ஒரு கைப்பிடி செம்மண்ணை இருமித் துப்பினாள். டீச்சர் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, பிள்ளை மண் தின்கிறது, பூச்சி மருந்து கொடுங்கள் என்று சொல்லியனுப்பினார்.

தென்றலின் அம்மா அருணாதேவி பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஓடைக்கு மேலே யாரோ பிளாட் போடுவதற்காக மேட்டை ஜேசிபி விட்டு வழித்திருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சேறு முழுக்க ஓடையில் இறங்கி, கெண்டைக்குஞ்சுகள் மூச்சடைத்துச் செத்தன, கிணறுகள் சிவந்தன. மனு கொடுத்து அலுத்துப்போன தெருக்காரர்கள், அருணாதேவியும் தையற்கடை ரூபீனாவும் முன்னால் நிற்க, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மேட்டடியில் சவுக்குக் கம்பு நட்டுப் பழைய புடவைகளைக் குறுக்கே கட்டினார்கள். சேறு துணியில் தங்கும், தண்ணீர் வடிந்து போகும் என்பது அவர்கள் எண்ணம். ஓரிடத்தில் புடவை கிழிந்து சேறு பீச்சியடித்தபோது, வீட்டுக்கு ஓடிக் கொடியில் கிடந்த மகளின் பள்ளிக்கூடப் பாவாடையை உருவி வந்து அடைத்தவள் அருணாதேவிதான். கெட்டித் துணி. சொட்டுச் சேறு தாண்டவில்லை. புடவை கொடுத்தவர்களுக்கெல்லாம் வாயில் நறநறவென்றது. அவர்கள் ரேஷன் அரிசியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மழைக்குத் தென்றலின் உதடு நீலம் பாய்ந்தது. எக்ஸ்ரேயில், மழை வடிந்த குட்டையில் இருப்பதுபோல, நெஞ்சுக்குள் சேறு படிந்த கோடு தெரிந்தது. ரூபீனா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, பாவாடைய அவுத்துடுங்க. யாரு துணில சேறு நிக்குதோ அவங்க நெஞ்சுலதான் எறங்குது. எனக்கும் ரெண்டு நாளா மண்ணுதான் வருது."

அருணாதேவி கொட்டுகிற மழையில் ஓடினாள். பாவாடையை அவிழ்த்துவிட்டு, கையோடு கொண்டுபோன தன் புடவையை அந்த இடத்தில் மடித்துக் கட்டினாள். வீடு திரும்புவதற்குள் தென்றல் பசிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அருணாதேவி மண்ணைத் துப்பினாள், சிவப்பாக, சந்தோஷமாகவும்கூட.

பிறகு கடைத் துணி வாங்கிக் கட்டிப் பார்த்தார்கள். செத்தவர்கள் துணியைக் கட்டிப் பார்த்தார்கள். எதிலும் சேறு நிற்கவில்லை, துணியே இல்லாததுபோலப் புகுந்து போனது. உயிரோடிருப்பவர் உடுத்திய துணியில்தான் நின்றது. ஆகவே வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் என்று பகிர்ந்தால் ஒரு கரண்டி மண்ணுக்குமேல் யாருக்கும் வரவில்லை. ஐப்பசி பிறந்தால் மண்ணைத் துப்பத் தலைமாட்டில் பால்பவுடர் டப்பா வைத்துக்கொள்வது அந்தத் தெருவில் வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அதைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்த வருஷம் மேலே இன்னும் இரண்டு மேடுகளை வழித்தார்கள். துணி போதவில்லை. அருணாதேவி மகளின் துணிமணிகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மழை இருட்டிக்கொண்டு வந்த மதியம் தென்றல் ஓடைப்பக்கமிருந்து வந்தாள். காலையில் போட்டுப் போன சட்டைக்குப் பதிலாக ரூபீனாவின் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள்.

"எல்லாரும் குடுக்குறாங்க இல்லம்மா. என்னுது சின்ன சட்டதான். கம்மியாத்தான் வரும்."

அடிக்கக் கையை ஓங்கிய அருணாதேவி இறக்கிக்கொண்டாள். ஓடிப்போய் அவிழ்த்துவிடலாம். அவிழ்த்தால் அந்த இடத்தில் கட்ட, தெருவில் வேறு துணி இல்லை. கூரையில் முதல் தூறல் விழுந்தது. அருணாதேவி தன் டப்பாவைக் கழுவித் துடைத்து மகள் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள்.