கம்பியால் கட்டிய கதவு

"சேஃப்னா பத்திரமா இருக்கிற. மெஷினு, வீடு, எதோட வேணா ஒட்டிக்கும். சேஃப்டின்னா பாதுகாப்பு. அது ஒரு பொருளோட பேரு மாதிரி, தனியா நிக்கும்."

ஃபேக்டரி சாப்பாட்டு அறையில் நோட்டைப் பார்த்து ஒப்பித்தேன். மூன்று மணிக்கு எனக்கு லைன் லீடர் பரீட்சை, ஆங்கிலத்தில்.

"தனியா நிக்குமா? சண்டை போட்டா உங்க அக்காவும் அப்படித்தான் வாத்தியாரம்மா," என்றார் அத்தான். தகட்டை அச்சால் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் வரிசையில் எனக்கு அடுத்தது அவருடையது.

பிரஸ்ஸுக்கு முன்னால் கம்பிவலைக் கதவு உண்டு. மூடினால்தான் அச்சு இறங்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் திறந்து மூடினால் சொன்ன எண்ணிக்கையில் பாதிகூட வராது. அதனால் காலையில் முதலில் வருகிறவர், வரிசை முழுக்கக் கதவைத் தூக்கிவிட்டு, மூடியிருப்பதாக மெஷின் நம்பும்படி அதன் சுவிட்சை அமுக்கிக் கம்பியால் கட்டிவிடுவார். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்பார். அன்று முதலில் வந்தது நான்.

ஒன்றரை மணிக்கு அத்தானின் வலது கைமேல் அச்சு இறங்கியது.

மூன்று மணிக்குப் பரீட்சை நடந்தது. மேலாளர் மேஜையில் விபத்து அறிக்கை கிடந்தது: தொழிலாளி தானே கதவைக் கட்டினார். கீழே இடது கட்டைவிரல் ரேகை. அத்தான் அழகாகக் கையெழுத்துப் போடுவார்.

"இப்படி எழுதினா அவருக்கு நஷ்டஈடு ஒண்ணும் கிடைக்காதே சார்."

"லீடர் ஆகப்போறவ, சாட்சியில நீயும் ஒரு கையெழுத்து போடும்மா. அப்புறம் பரீட்சை எழுது."

நான் கையெழுத்துப் போடாமல் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டேன். நாலாம் கேள்வி, சேஃப், சேஃப்டி: வித்தியாசம் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். வித்தியாசத்தை ஒப்பித்தபடியே எழுதினேன். பிறகு, 'எங்கள் பிரஸ் எதுவும் சேஃப் இல்லை' என்று எழுதினேன். அடுத்து, 'இன்று சேஃப்டி கதவைக் கட்டியது நான். தினமும் யாராவது கட்டுவோம். சூப்பர்வைசருக்குத் தெரியும்.' கீழே என் டோக்கன் நம்பர்.

மேலாளரின் சிவப்புப் பேனா அங்கேயே நின்றது.

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். இன்னொரு தாள்லயும் எழுதி வச்சிருக்கேன்."

ஆஸ்பத்திரி நடையில் அக்காள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தாளைக் கொடுத்தேன். "இதைத் தொலைச்சிடாதக்கா. கேஸ் போடறப்ப வேணும்."

"இங்கிலீஷ்ல இருக்கு. என்னடி எழுதியிருக்கே?"

தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

தாளை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவரு கண்ணு முழிக்கறதுக்குள்ள போயிடு," என்றாள்.